ஆற்றை எழுதும் பேனா

ஆறு எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வதற்காகச் சம்பளம் வாங்கிய அந்த மனிதருக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

ஊரில் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தபால்காரர்கூட உறையின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படிக்காமல் "அளவுக்காரர் வீடுதானே" என்று நீட்டிவிட்டுப் போவார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு. சட்டைப் பையின் ஓரத்தில் எப்போதும் ஊதா நிறக் கறை இருக்கும். அவர் மனைவி அந்தக் கறையோடு பல வருஷம் மல்லுக்கட்டித் தோற்றுப்போயிருந்தாள்.

அவருடைய தங்கையைக் கட்டியவர் கீழ்த்தெருவில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். கடையும் வீடும் ஒன்றுதான். முன்பக்கம் டியூப், பின்பக்கம் குடித்தனம். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்வது: "எங்க மச்சானுக்கு ஆத்துலதான் உத்தியோகம். ஆனா குளிக்கிறது அரை வாளித் தண்ணியில. முழு வாளி வெச்சா எட்டிக்கூடப் பாக்க மாட்டார்." அளவுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். அந்தக் கேலி ஏறக்குறைய நிஜம் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

பிறவியிலேயே அவருக்கு இந்தப் பயம் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரையிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகளில் காலையும் மாலையும் இறங்குவார். படிகளை ஒட்டி வரிசையாகத் தூண்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்து, மேலே வந்து போனில் சொல்வார். அவ்வளவுதான் வேலை. ஒரு மழைக்காலத்து மாலையில் பாசியில் கால் வழுக்கி, இரண்டு கற்களுக்கு நடுவே கணுக்கால் சிக்கிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீர். கத்திப் பார்த்தார், யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆறு ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எந்தத் தகட்டை நாள்தோறும் படித்தாரோ அதே தகட்டின் எண்கள் தன் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை வந்த பிறகு, தண்ணீரின் இழுப்பில் அந்தக் கல்லே அசைந்து கொடுத்தது. காலை உருவிக்கொண்டு தவழ்ந்து மேலே வந்தார்.

அதற்குப் பிறகு தலைக்கு ஊற்றிக் குளிக்கும்போது குளியலறைக் கதவைத் தாழ்போடுவதை விட்டுவிட்டார். பாலத்தைக் கடக்கிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். என்ன காரணம் சொல்வது? ஆற்றளவு பார்க்கிறவன் ஆற்றுக்குப் பயப்படுகிறான் என்றால் ஆபீஸே சிரிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் கருவி வந்தது. அவருக்கு அது தெய்வமே அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

கரையின் மேல் சின்னதாக ஒரு செங்கல் அறை கட்டினார்கள். அதன் தரையில் வட்டமாக ஒரு திறப்பு. கீழே கிணறுபோல ஒரு சிமெண்ட் உறை. ஆற்றுத் தண்ணீர் அடியிலிருக்கும் குழாய் வழியாக அதற்குள் வரும். வெளியே ஆறு ஏறினால் உள்ளேயும் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தத் தண்ணீரில் ஒரு மிதவை. மிதவையில் கட்டிய கம்பி மேலே ஒரு சக்கரத்தைச் சுற்றிப் போகும். சக்கரம் திரும்பினால் ஒரு பேனா மேலும் கீழும் நகரும். பேனாவுக்கு எதிரே காகிதம் சுற்றிய உருளை ஒன்று கடிகாரம்போல மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஆறு தன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தானே காகிதத்தில் எழுதிக்கொள்ளும் ஏற்பாடு.

அதைப் பொருத்த வந்தவர் ஓர் இளம் பெண் இன்ஜினியர். பேனாவை எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு மை விட வேண்டும், எந்தத் திருகு எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். போகும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: நாள்தோறும் காலையில் படியில் இறங்கித் தகட்டைப் பார்த்து, பேனா காட்டுவதோடு ஒப்பிட வேண்டும். அளவுக்காரர் தலையாட்டினார். கொஞ்ச நாள் இறங்கவும் செய்தார். பிறகு பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தார். அதற்கும் பிறகு, தண்ணீர் தெளிந்து அமைதியாக இருக்கும் நாட்களில் மட்டும்.

அந்தப் பேனா நாம் சட்டையில் குத்திக்கொள்கிற மாதிரி இருக்காது. சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு சின்னத் தோணி. அதன் மூக்கில் தலைமுடி நுழைகிற அளவு ஒரு பிளவு. தோணிக்குள் சில சொட்டு ஊதா மை. காய்ந்துபோகாமல் இருக்க மையில் கிளிசரின் கலந்திருப்பார்கள். வெயில் காலத்தில் சமர்த்தாக எழுதும். மழை பிடித்துவிட்டால் காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் மை குடித்துவிடும். உப்பும், வழியும், காகிதத்தில் குளம்போலப் பரவும். இல்லாவிட்டால் காகிதத்தின் நார் ஒன்று பிளவில் சிக்கிக்கொண்டு கோடு விட்டுவிட்டு வரும். அளவுக்காரர் அதனோடு பேசுவார். "என்னடா உனக்கு, நேத்துதானே குளிப்பாட்டினேன்" என்பார். ஒருமுறை இதைக் கேட்ட மனைவி, பெற்ற மகளிடம்கூட இவ்வளவு கொஞ்சிப் பேசியதில்லை என்று சொல்லிக் காட்டினாள். மகள் கல்யாணமாகி வெகு தூரம் போய்விட்டிருந்தாள். பேனாதான் பக்கத்தில் இருந்தது.

அந்த வருஷம் மழை வழக்கத்தைவிட முன்னாலேயே தொடங்கி, விடாமல் பெய்தது. பேனாவும் அடம்பிடித்தது. வாரக்கணக்கில் அவர் கழுவுவதும் மை மாற்றுவதுமாக இருந்தார். பிளவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்த மெல்லிய கம்பி துருப்பிடித்து முறிந்துபோயிற்று. வேறு கம்பி கேட்டுச் சொல்லியனுப்பியது இன்னும் வந்து சேரவில்லை.

அன்று காலையிலும் கோடு விட்டுவிட்டு வந்தது. மேற்கே மலைப்பக்கம் வானம் கருத்துக் கிடந்தது. கழுவிப் பார்த்தும் சரிவரவில்லை என்றதும் ஒரு காரியம் செய்தார். பேனாவைக் காகிதத்தின் மேல் அழுத்துகிற திருகைக் கொஞ்சம் முறுக்கினார். கோடு உடனே அழுத்தமாக, கருஊதாவாக வந்தது. திருப்தியாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நேரம் போகப் போகக் கோடு படுக்கையாகவே போயிற்று. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வெளியே மழை ஓட்டின் மேல் இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு மழைக்கு ஆறு ஏறாமல் இருக்குமா என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது, வந்தபோதெல்லாம் பேனாவைப் பார்த்துக்கொண்டார். மழை இங்கேதான் பெய்கிறது, மலையில் பெய்யவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னார். எழுந்து நாலடி நடந்து கரையோரம் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நாலடியைத்தான் அவரால் நடக்க முடியவில்லை. கதவைக்கூடச் சாத்தியே வைத்திருந்தார், சாரல் அடிக்கிறது என்று.

மதியம் மனைவி சாப்பாட்டுக் கூடையும் குடையுமாக வந்தாள். அவர் தொண்டை கட்டியிருந்ததால் பிளாஸ்க்கில் வெந்நீரும் கொண்டுவந்திருந்தாள். கூடையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"என்னங்க, ஆத்துச் சத்தம் வேற மாதிரி இருக்கே."

மழைச் சத்தம்தான் என்று அவர் சொன்னார். காலையிலிருந்து ஆறு ஒரு விரல்கூட ஏறவில்லை என்று காகிதத்தைக் காட்டினார்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "பேனா சொல்றது இருக்கட்டும். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க."

அவளுக்குப் பின்னால் போனார். அறையின் மூலையைத் திரும்பியதும் அவர் கால் தானாக நின்றுவிட்டது. படிகளைக் காணோம். தூண்களையும் காணோம். கடைசித் தூண், வெயில் காலத்தில் துண்டை உலர்த்துகிற அந்தத் தூண், அதன் தலைமட்டும் தெரிந்தது. அதைச் சுற்றிப் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மறைந்தது. ஒரு மரம் வேரோடும் இலையோடும் நிமிர்ந்தபடியே நடு ஆற்றில் போயிற்று.

  அறைக்குள் ஓடிவந்து பேனாவைப் பார்த்தார். அது இன்னமும் நிதானமாகப் படுக்கைக் கோடு போட்டுக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஈரத்தில் ஊறிய காகிதத்துக்குள் பேனா மூக்கு பதிந்து, ஏர்போல உழுதுகொண்டே போகிறது. அழுத்தம் அதிகமானதால் மேலே ஏற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. கீழே மிதவை ஏறிக்கொண்டேயிருக்க, கம்பி சக்கரத்தின் பள்ளத்தை விட்டு வழுக்கித் தொங்கிக் கிடந்தது. அவர் முறுக்கிய திருகு செய்த வேலை.

கீழ்த்தெரு ஆற்றங்கரையை ஒட்டியது. தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

போனை எடுத்தபோது விரல்கள் எண்களை மாற்றி மாற்றி அழுத்தின. மனைவி வாங்கி அழுத்திக் கொடுத்தாள். வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் எடுத்தது அதே இன்ஜினியர் அம்மாள்; இப்போது அந்த அறைக்கே அவர்தான் பொறுப்பு. அளவுக்காரர் நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். கடைசித் தகடும் முழுகிவிட்டது என்றார்.

 "காலையில படியில இறங்கிப் பாத்தீங்களா?" என்று இன்ஜினியர் அம்மாள் கேட்டார்.

"இல்லை மேடம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அளவுக்காரருக்கு இருந்தது. கீழ்த்தெருவுக்கும் சந்தைத் தெருவுக்கும் இப்போதே ஆள் அனுப்புவதாக அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு குரல் மறுபடியும் போனுக்குள் வந்தது.

"ஆறு ஏறுதுன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. என்ன வேகத்துல ஏறுது, வேகம் கூடுதா குறையுதா, அதுதான் எனக்கு வேணும். குறையுதுன்னா ஜனங்களைப் பாலம் தாண்டி மேட்டுக்கு அனுப்பலாம். கூடுதுன்னா பாலத்துல ஒரு ஆளை விடக்கூடாது. தகடு முழுகிடுச்சு, இனிமே அந்தப் பேனா ஒண்ணுதான் சொல்லணும். ஓட வெக்க முடியுமா?"

பார்க்கிறேன் என்றார். போனை வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள்.

முதலில் கம்பியைச் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த வட்டத் திறப்பின் விளிம்பில் மண்டியிட்டு, உள்ளே கையை விட வேண்டும். மற்ற நாட்களில் தண்ணீர் எங்கோ ஆழத்தில் கறுப்பாகக் கிடக்கும். அன்று எட்டிப் பார்த்தபோது அது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. அலையும் சத்தமும் இல்லாமல் உறையின் சுவரை நனைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தது. வெளியே சீறுகிற ஆற்றைவிட இந்த அமைதிதான் அவரைக் கொன்றது. கழுத்துவரை நின்ற அந்த மாலை அப்படியே திரும்பி வந்தது. கைகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன.

"என்னால முடியல" என்று மனைவியிடம் சொன்னார்.

அவள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். "நான் பிடிச்சிருக்கேன். என்னையும் இழுத்துக்கிட்டுதான் நீங்க விழணும். என் எடைக்கு அது நடக்காது" என்றாள்.  அவர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கம்பி குளிர்ந்து வழவழவென்று இருந்தது. இருமுறை நழுவியது. மூன்றாவது முறை பள்ளத்தில் உட்கார்ந்தது. சக்கரம் ஒரு சின்ன முனகலோடு திரும்பியது. அவர் பின்னால் சாய்ந்தபடியே அவள் மடியில் விழுந்தார்.

அடுத்தது பேனா. உருளையிலிருந்த ஈரக் காகிதத்தை உருவி எடுத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து உலர்ந்த தாள் ஒன்றைச் சுற்றினார். பேனாவை நகர்த்தி, கடைசித் தகடு முழுகிய உயரத்துக்குக் கொண்டுவந்தார். திருகைத் தளர்த்தினார். பேனா மூக்கு தாளைத் தொட்டது. கோடு விழவில்லை. வெறும் தாளில் வெறும் இரும்பு ஓடியது.

பேனாவைக் கழற்றிப் பார்த்தார். மூக்குப் பிளவு முழுவதும் ஊறிய காகித நாரும் மைக் கசண்டும் சேர்ந்து பிசினாக அடைத்திருந்தது. போனிலிருந்து இன்ஜினியர் அம்மாள், வெந்நீர் இருந்தால் அதில் போடுங்கள், அடைப்பு இளகும் என்றார். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிப் பேனாவை அதில் போட்டார்கள். ஊதா நிறம் புகைபோலப் பிரிந்து பரவியது. எடுத்து ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை.

"கம்பி விட்டுக் குத்துங்க" என்றது போன்.

"கம்பி முறிஞ்சுபோச்சு மேடம். கேட்டிருந்தேன், இன்னும் வரலை."

ஊசி பிளவைவிடத் தடிமன். விட்டால் பிளவு அகன்று பேனா வீணாகிவிடும். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கொண்டையை அவிழ்த்தாள். முதலில் பிடுங்கிய கறுப்பு முடி நுழையும்போதே மடங்கிவிட்டது. நரைமுடி கொஞ்சம் விறைப்பாக இருக்கும் என்றார் அவர்.

"உங்களால வந்ததுதான். எதுக்காவது உதவட்டும்" என்று காதோரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

கை ஆடியதில் முடியின் நுனி பிளவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் அவருடைய மணிக்கட்டை ஜன்னல் விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். முடி நுழைந்தது. மேலும் கீழுமாக மெல்ல இழுத்தார். பஞ்சுபோல ஒரு நார் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. மறுபடி வெந்நீரில் அலசி, வேட்டி நுனியால் ஒற்றி எடுத்து, மை விட்டு, பேனாவைக் கருவியில் மாட்டினார். இப்போதும் கோடு இல்லை. நாக்கில் தொட்ட விரலால் பேனா மூக்கை லேசாகத் தடவிவிட்டார். ஒரு புள்ளி விழுந்தது. புள்ளி மயிரிழைபோல நீண்டது, விட்டுப்போனது, மறுபடி வந்தது. வந்து, விடாமல் ஓடத் தொடங்கியது.

மெல்லிய ஊதாக் கோடு. அவர் வாழ்நாளில் அவ்வளவு அழகாக அந்தப் பேனா எழுதியதில்லை. அவ்வளவு பயங்கரமான ஒரு கோடும் அவர் கண்ணில் பட்டதில்லை. அது சாய்வாகப் போகவில்லை. ஏணியைச் சாத்திவைத்த மாதிரி ஏறியது.

பேனா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்ஜினியர் அம்மாள் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கோடு மேலே போகப் போகப் படுக்கை வாட்டில் வளைகிறதா, அதாவது வேகம் குறைகிறதா, நேராகவே போகிறதா என்று கேட்டார். அளவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வளைய வேண்டும் என்று மனசு கெஞ்சியது. காலையிலும் அது இப்படித்தான் கெஞ்சியது.

"வளையலை மேடம். இன்னும் செங்குத்தா திரும்புது."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதி."

பாலத்தை மூடச் சொல்லி அவர் உத்தரவு போடுவது கேட்டது. கீழ்த்தெரு ஜனங்களைப் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏற்றச் சொன்னார். அளவுக்காரர் தங்கையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். என்ன பெயர் சொல்லிக் கேட்பது, அங்கே இருக்கிற அத்தனை பேரும் யாருக்கோ தங்கைதானே என்று தோன்றி வாயை மூடிக்கொண்டார். மனைவி தன் போனில் நாத்தனாரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

இன்னும் சிறிது நேரம் அளவு சொன்னார்கள். தரையில் ஈரம் பட்டபோது முதலில் பிளாஸ்க் கவிழ்ந்துவிட்டதென்று நினைத்தாள் மனைவி. வட்டத் திறப்பின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைச் சொன்னதும் இன்ஜினியர் அம்மாள், எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே வெளியேறச் சொன்னார். அளவுக்காரர் பேனாவைத் திரும்பிப் பார்த்தார். அது எழுதிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கரையிலிருந்து சாலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் தாழ்வான இடம் ஒன்று உண்டு. அங்கே தண்ணீர் ஏற்கெனவே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஆழம் முழங்கால்தான் இருக்கும், அடி தெரியவில்லை. அவர் நின்றுவிட்டார். நீ போ, நான் இந்த மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் மரமேறுகிறாராம். மனைவி குடையை மடக்கி, அதன் காம்பைத் தண்ணீரில் ஊன்றி ஆழம் பார்த்தாள். மறு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு அடியிலும் கால் எங்கோ சிக்கப்போகிறது, இதோ இப்போது சிக்கப்போகிறது என்றே நடந்தார். ஏதோ ஒரு கிளை கணுக்காலைத் தொட்டபோது அவர் போட்ட சத்தத்தைப் பிறகு மனைவி யாரிடமும் சொல்லவில்லை. சாலை மேட்டில் ஏறியதும் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

லாரி ஒன்று அவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மாடி முழுக்க ஜனம். ஈரத் துணி நாற்றம், குழந்தைகள் அழுகை, யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி. தங்கை ஒரு வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் வீட்டிலேயே விட்டுப்போனதாம். அண்ணனைப் பார்த்ததும் அழுதாள்.

"அவர் வரலை அண்ணா. எங்களை வண்டியில ஏத்திவிட்டுட்டு, கடையில இருக்கிற சாமானை மேட்டுல போட்டுட்டு வரேன்னு போனார்."

மேடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அளவுக்காரர் ஜன்னலண்டை போனார். அங்கிருந்து பாலம் தெரியும். அதன் நடுப்பகுதியின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் ஒரு வரிசை வளைந்து உள்ளே போயிற்று.  காலையில் எழுந்து அந்த நாலடி நடந்திருந்தால் இந்நேரம் மச்சான் எல்லாச் சாமானையும் எடுத்துக்கொண்டு மேட்டில் உட்கார்ந்து தன்னைக் கேலி செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தார்.  மனைவி யாரிடமிருந்தோ ஒரு போர்வை வாங்கி அவருக்குப் போர்த்திவிட்டாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மாடிப்படியில் டங்டங்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. மச்சான் வந்தார், தோளில் காற்றடிக்கிற பம்போடு. தலையிலிருந்து கால்வரை சேறு. கடைச் சாமானைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போயிருக்கிறார். ஒரு போலீஸ்காரர் குறுக்கே தடியை நீட்டி, ஒரு அடிகூட விடமுடியாது என்று சொல்லிவிட்டாராம். எவ்வளவோ சண்டை போட்டும் விடவில்லை. திரும்பி வரும் வழியில் வண்டியும் வெள்ளத்தில் போயிற்று. கையில் பிடித்திருந்த பம்ப் மட்டும் மிச்சம். பாலத்தை எந்த மடையன் மூடச் சொன்னான் என்று அவர் கத்திக்கொண்டேயிருந்தார். அளவுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, குழந்தையைப் போலத் தேம்பினார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வெள்ளத்தில் கீழ்த்தெருவில் வீடுகள் விழுந்தன. ஆடு மாடு போயிற்று. மனித உயிர் எதுவும் போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு இன்ஜினியர் அம்மாள் வந்தார். அறைக்குள் சேறு முழங்காலளவு நின்றது. உருளையிலிருந்த தாளில் கோடு மேலே ஏறி, கடைசியில் பெரிய ஊதாத் திட்டாக முடிந்திருந்தது. மதியம் கழற்றிய தாளும் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படுக்கைக் கோட்டில் விரலை வைத்து, இவ்வளவு நேரமும் ஒருமுறைகூட வெளியே போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டார்.

அளவுக்காரர் திருகைப் பற்றிச் சொன்னார். அப்படியே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"தோணுச்சு மேடம். பயமா இருந்துச்சு. பேனா ஏறலைன்னு சொன்னதும் அதை நம்பிக்கிட்டேன்."

பிறகு அந்தப் பழைய மாலையைப் பற்றியும் சொன்னார். அதுவரை மனைவியைத் தவிர யாரிடமும் சொல்லாதது. இன்ஜினியர் அம்மாள் சேற்றில் நின்றபடியே முழுவதும் கேட்டார். அன்றைக்கே சொல்லியிருந்தால் படியில் கைப்பிடி போட்டுக் கொடுத்திருப்போமே என்றார். அளவுக்காரருக்கு அது தோன்றியதே இல்லை. தன் பயத்துக்கு மருந்து பயப்படாமல் இருப்பது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். ஒரு இரும்புக் கம்பி போதும் என்று யார் கண்டார்கள்.

விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து ஒரு தாளும் வந்தது. ஒரு வருஷச் சம்பள உயர்வும் நின்றது. நியாயம்தான் என்றார். வேண்டுமானால் ஆபீஸுக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஒரு மழை நாளில் அங்கே போய் உட்கார்ந்தும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஆறு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அங்கிருந்து நேரே ஆற்றங்கரைக்குப் பஸ் ஏறினார். வருகிற பயம் எப்படியும் வரத்தான் போகிறது, அது கண்ணெதிரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னாராம். அவள், அப்படியானால் சாப்பாட்டுக் கூடை தூக்குவதிலிருந்து எனக்கு விடுதலை இல்லையா என்று கேட்டாளாம்.

இப்போது படியின் ஓரம் முழுக்கக் குழாய்க் கைப்பிடி போட்டிருக்கிறது. மச்சான் மேட்டுத்தெருவில் கடை வைத்துவிட்டார். அங்கே ரோடு நன்றாக இருப்பதால் யாருக்கும் பஞ்சரே ஆவதில்லை என்று குறைப்படுகிறார். அளவுக்காரர் காலையில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டுபோல ஒவ்வொரு படியாக இறங்குகிறார். தகட்டைப் படிக்கிறார். மேலே வந்து பேனாவோடு ஒப்பிடுகிறார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து தொடைகளின் மேல் கைகளை அழுத்தி வைத்துக்கொள்கிறார். கால் நடுக்கம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அடங்கிய பிறகுதான் போனை எடுப்பார்.